ஸ்ட்ரைப்பர் எப்போது எங்கே இருக்கும்: நியூ ஜெர்சி கரையில் புதிதாகத் தூண்டில் போட வருபவர்களுக்கு

நியூ ஜெர்சிக்கு வேலைக்கு வந்து, ஊரில் குளத்திலும் ஆற்றிலும் தூண்டில் போட்ட ஞாபகத்தில் இங்கேயும் ஒரு கம்பு வாங்கி, நான்கைந்து வாரம் கடற்கரைக்கு அலைந்து, ஒன்றும் கிடைக்காமல் கம்பைக் கராஜ் மூலையில் சாத்திவிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். எந்த மாதம் போனீர்கள் என்று கேட்டால் அநேகமாக ஜூலை, ஆகஸ்ட் என்பார்கள். பிள்ளைகளுக்கு லீவு, நல்ல வெயில், கடற்கரைக்குப் போகத் தோதான காலம். ஆனால் அந்த இரண்டு மாதமும் நாம் தேடும் மீனில் பெரும்பகுதி இங்கே இருக்காது. மாசசூசெட்ஸ் பக்கமோ மெய்ன் பக்கமோ போயிருக்கும்.

அதனால் எந்தக் கம்பு, எந்த ரீல் என்பதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் மீனின் வருடக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். அது மனதில் பதிந்துவிட்டால் சாதாரணக் கம்பிலேயே மீன் ஏறும்.

மீன் யார், எங்கே பிறக்கிறது

ஸ்ட்ரைப்ட் பாஸ் என்பது முழுப்பெயர். கரையில் எல்லோரும் ஸ்ட்ரைப்பர் என்பார்கள், மேரிலாந்து போனால் இதையே ராக்ஃபிஷ் என்பார்கள். வெள்ளி உடம்பு, செவுளுக்குப் பின்னால் தொடங்கி வால் வரைக்கும் ஏழெட்டுக் கறுப்புக் கோடுகள், கோடு போட்ட நோட்டுப் போல. நம் ஊர்க் கொடுவாயைத் தெரிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். கொடுவா ஆற்றிலும் கழிமுகத்திலும் வளர்ந்து, முட்டை போட உப்புத்தண்ணீருக்கு இறங்கும். ஸ்ட்ரைப்பர் அதற்கு நேர் எதிர்: கடலில் வளர்ந்து, முட்டை போட ஆறு ஏறும்.

முட்டை போடும் இடங்கள் மூன்று முக்கியம். செசபீக் விரிகுடாவில் விழும் ஆறுகள், டெலவேர் ஆறு, ஹட்சன் ஆறு. இதில் செசபீக்தான் பெரிய தாய்வீடு. கரையோரம் முழுக்க நாம் பிடிக்கும் மீனில் பெரும்பங்கு அங்கே பிறந்தது. ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை, ஆற்றுத் தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி வரும்போது முட்டை போடும். அந்த முட்டை ஓடும் தண்ணீரில் மிதந்துகொண்டே இருந்தால்தான் பிழைக்கும், அடியில் படிந்தால் மூச்சு முட்டிச் செத்துவிடும். இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். குஞ்சுகள் சில வருடம் ஆற்றிலும் விரிகுடாவிலும் இருந்து, அப்புறம் கடலுக்குப் போகும். பெண் மீன் முட்டை போடும் பருவத்துக்கு வர ஆறேழு வருடம் எடுக்கும், 30 வயது வரை வாழக்கூடியது. இந்த வயதுக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எந்த மீனை எடுப்பது எந்த மீனை விடுவது என்ற இடத்தில் தேவைப்படும்.

வருடம் எப்படி நகர்கிறது

மார்ச் மாதம் ராரிட்டன் விரிகுடாவில் தொடங்குங்கள். கீபோர்ட், யூனியன் பீச், கீன்ஸ்பர்க் கரைகள் எடிசனிலிருந்து அரை மணி நேரம்தான். கடல் இன்னும் பனிபோல இருக்கும்போதே இந்த விரிகுடா சூடேறிவிடும், ஏனென்றால் ஆழம் குறைவு, அடியில் கருஞ்சேறு, வெயில் பட்டதும் சூட்டை இழுத்துக்கொள்ளும். தண்ணீர் 45-ஐத் தாண்டியதும் சின்ன மீன்கள் வாய் திறக்கும், 50-ஐத் தாண்டியதும் நன்றாகவே எடுக்கும். நல்ல வெயில் அடித்த நாளின் பிற்பகல், தண்ணீர் வற்றும்போது, மேட்டிலிருந்து இறங்கி வரும் தண்ணீர் மூன்று நான்கு டிகிரி கூடுதலாக இருக்கும், அந்த நேரத்தில் நில்லுங்கள். இரை: ப்ளட்வோர்ம் என்ற ரத்தப்புழு, அல்லது க்ளாம் சிப்பி.

ஏப்ரல் பாதிக்கு மேல் பங்கர் கூட்டம் விரிகுடாவுக்குள் வரும். பங்கர் என்பது மென்ஹேடன், நம் மத்திக்குத் தூரத்து உறவு, உள்ளங்கையை விடப் பெரிது, எண்ணெய்ப் பிசுக்கு. அதன் பின்னாலேயே பெரிய ஸ்ட்ரைப்பர்கள் வரும். ஹட்சனில் முட்டை போடப் போகும் மீன்களும் இந்த வழியில்தான் நுழைகின்றன. மே மாதம் செசபீக்கிலும் டெலவேரிலும் முட்டை போட்டு முடித்த பெரிய பெண் மீன்கள், பசியோடு, கடலோரமாகவே வடக்கே நடக்கத் தொடங்கும். மே கடைசியும் ஜூன் முதல் பாதியும் சாண்டி ஹுக்கிலிருந்து பெல்மார், மனாஸ்க்வான் வரைக்கும் மணலில் நின்றே பெரிய மீன் பார்க்கலாம்.

ஜூலை வந்ததும் மீன் மான்டாக், பிளாக் ஐலண்ட், கேப் காட் என்று குளிர்ந்த தண்ணீர்ப் பக்கம் போய்விடும். கொஞ்சம் மீன் இங்கேயே முகத்துவாரங்களிலும் பாலத்தடியிலும் தங்கும், இரவில் எடுக்கும். ஆனால் தண்ணீர் 70-ஐத் தாண்டினால் நான் ஸ்ட்ரைப்பருக்குத் தூண்டில் போடுவதில்லை, உங்களுக்கும் அதையே சொல்வேன். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, போராடிக் களைத்த மீனை எவ்வளவு பக்குவமாக விட்டாலும் போய்ச் செத்துவிடும்.

செப்டம்பரில் மடவைக் குஞ்சுகள் கழிகளிலிருந்து வெளியேறிக் கரையை ஒட்டித் தெற்கே போகும். அலை உயரும்போது கண்ணாடிக்குள் தெரிவதுபோல அலைக்குள்ளேயே அவை ஓடுவது தெரியும். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரைதான் இங்கே தீபாவளி. வடக்கே போன மீனெல்லாம் குளிர் துரத்த, வழியெல்லாம் தின்றுகொண்டே திரும்பி வரும். முதலில் பங்கர் இருக்கும் இடத்தில் இருக்கும், நவம்பரில் சாண்ட் ஈல் என்கிற பென்சில் தடிமன் மீன் மணலோரம் வந்ததும் அதற்கு மாறிவிடும். ஐலண்ட் பீச் ஸ்டேட் பார்க்கின் பத்து மைல் மணல் இந்தக் காலத்துக்கென்றே செய்து வைத்தது போல இருக்கும்.

கிழக்கிலிருந்து காற்று அடித்துக் கடல் கொந்தளிக்கும் நாளில் வீட்டிலேயே இருந்துவிடத் தோன்றும். போங்கள். 1982 செப்டம்பரில் அட்லாண்டிக் சிட்டியில் ஆல் மெக்ரெனால்ட்ஸ் 78 பவுண்டு 8 அவுன்ஸ் மீனைப் பிடித்தது அப்படியொரு புயல் இரவில், கற்சுவர் ஒன்றின் மேல் நின்று. 2011-இல் கனெக்டிகட்டில் கிரெக் மயர்சன் 81 பவுண்டு 14 அவுன்ஸ் மீன் பிடிக்கும் வரை, ஏறக்குறைய 29 வருடம், உலக சாதனை அதுதான். நீங்கள் கற்சுவரில் ஏற வேண்டாம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் நுரையும் கலங்கலும் இருக்கும் மணல் கரையில் மீன் பயமில்லாமல் முழங்கால் ஆழத்துக்குக்கூட வரும்.

டிசம்பர் நடுவில் தண்ணீர் 45-க்குக் கீழே போனதும் முடிந்தது. பெரும்பகுதி வர்ஜீனியா, வட கரோலினா பக்கத்துக் கடலில் குளிர்காலத்தைக் கழிக்கும்.

சட்டம், பதிவு

நியூ ஜெர்சியில் கடல் மீன்பிடிக்கக் காசு கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை. 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் மாநிலத்தின் கடல்மீன் பதிவேட்டில் இணையத்தில் இலவசமாகப் பதிந்துகொள்ள வேண்டும், ஒவ்வொரு காலண்டர் வருடமும் புதிதாக. ஐந்து நிமிட வேலை, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரே மீன், அதுவும் 28 முதல் 31 இன்ச் வரை. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளக்க வேண்டும். விரிகுடாவிலும் ஆறுகளிலும் ஜனவரி, பிப்ரவரி மூடியிருக்கும். டெலவேர் ஆற்றில் முட்டை போடும் பகுதி ஏப்ரல், மே மாதங்களிலும் மூடியிருக்கும். உயிருள்ளதோ செத்ததோ, இயற்கை இரை போட்டால் வட்ட முள், அதாவது சர்க்கிள் ஹுக், கட்டாயம். கொக்கிக் கம்பியால் குத்தி இழுப்பது கூடாது. கரையிலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் இந்த மீனைப் பிடிக்கவே கூடாது. நியூ ஜெர்சியில் விற்பதற்காகப் பிடிப்பதும் கூடாது. அளவும் தேதியும் மாறக்கூடியவை, ஆகவே மார்ச் மாதம் முதல் தடவை கிளம்பும் முன் மாநில மீன்வளத் துறைப் பக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று புதிதாக வருபவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். இந்த மீனை வயலுக்கு உரமாகப் போடக்கூடாது என்று மாசசூசெட்ஸ் காலனி 1639-லேயே சட்டம் போட்டது, அவ்வளவு மலிந்து கிடந்திருக்கிறது. 1970-களின் கடைசியில் கூட்டம் சரிந்தது. மேரிலாந்து 1985 முதல் 1990 வரை அடியோடு தடை போட்டது, அதன் பலனாக 1995-இல் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள். இப்போது மறுபடியும் இறக்கம். அளவுக்கு மீறிப் பிடித்திருக்கிறோம் என்று 2019 மதிப்பீடு சொன்னது. அதே வருடத்திலிருந்து மேரிலாந்து ஆறுகளில் ஆண்டுதோறும் எண்ணும் குஞ்சுக் கணக்கும் சராசரிக்குக் கீழேயே இருக்கிறது. அதனால்தான் 2023-இல் மேல் அளவை 31 இன்ச்சுக்கு இறக்கினார்கள். 40 இன்ச் மீன் என்றால் அது அநேகமாகப் பெண், உங்கள் பிள்ளை ஹைஸ்கூல் போகும் வயது இருக்கும், ஒரு வசந்தத்தில் லட்சக்கணக்கில் முட்டை போடும். அதை விடுவதில் எனக்குத் துளியும் வருத்தம் வந்ததில்லை.

என்ன வாங்குவது

ஒரு கம்பு போதும். ஒன்பது அடி, ஒன்று முதல் நான்கு அவுன்ஸ் வரை வீசக்கூடிய சர்ஃப் கம்பு. 5000 அளவு ஸ்பின்னிங் ரீல். 30 பவுண்டு பின்னல் நரம்பு, அதன் முனையில் 40 பவுண்டு தங்கூஸ் மூன்று அடி. கம்பும் ரீலும் சேர்த்து 150 டாலரை ஒட்டியே நல்லது கிடைக்கும். இதற்கு மேல் செலவு செய்யத் துடித்தால் அந்தக் காசில் நல்ல வேடர்ஸ் வாங்குங்கள், அதாவது மார்பு வரை வரும் தண்ணீர் புகாத உடை, கூடவே இடுப்பு பெல்ட். பெல்ட் இல்லாமல் தண்ணீரில் இறங்கவே கூடாது. விழுந்தால் உள்ளே தண்ணீர் நிறைந்து எழ முடியாது. தலையில் கட்டும் விளக்கு, நீளமூக்குக் குறடு, அளவு நாடா, மணலில் குத்தும் கம்புத் தாங்கி. கற்சுவர்களில் பாசி எண்ணெய் போல வழுக்கும். ஆணி பதித்த காலணி இல்லாமலும் துணைக்கு ஆள் இல்லாமலும் முதல் வருடம் அதில் ஏறாதீர்கள்.

இரைக்கான கட்டு இப்படி. முக்கிய நரம்பில் ஈயம் மாட்டும் நகரும் குழாய் ஒன்றைக் கோர்க்கவும், அதன் கீழே ஒரு பாசிமணி, அப்புறம் ஸ்விவல், அதாவது நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் உலோக இணைப்பு, கட்டவும். ஸ்விவலிலிருந்து இரண்டரை அடி தங்கூஸ், முனையில் வட்ட முள்: பங்கர் துண்டுக்கு 8/0, சிப்பிக்கு 5/0 அல்லது 6/0, புழுவுக்கு இன்னும் சின்னது. நகரும் குழாயில் மூன்று அல்லது நான்கு அவுன்ஸ் கூம்பு ஈயம், அது மணலில் புதைந்து நிற்கும். மீன் இரையை எடுத்துப் போகும்போது நரம்பு மட்டும் குழாய் வழியாக ஓடும், ஈயத்தின் கனம் மீனுக்குத் தெரியாது.

பங்கரை அன்றைக்கு வந்ததாகப் பார்த்து வாங்குங்கள். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக. மார்க்கெட்டில் மத்தி பார்ப்பது போலத்தான். தலையைச் செவுளுக்குப் பின்னால் சாய்வாக வெட்டவும், குடல் கொஞ்சம் தொங்கட்டும். உடம்பை இரண்டு இன்ச் துண்டுகளாகப் போடவும். பெரிய மீன் தலையைத்தான் விரும்பும், நண்டும் அதைச் சீக்கிரம் அரித்துவிடாது. முள்ளின் நுனி வெளியே தெரிய வேண்டும், சதைக்குள் புதைக்காதீர்கள். அரை மணிக்கு ஒரு தடவை துண்டை மாற்றுங்கள், ரத்தமும் எண்ணெயும் கழுவிப்போன துண்டை மோப்பம் பிடித்து மீன் வராது. ஐஸில் உறைந்தது வேண்டாம், வேறு வழி இல்லாவிட்டால் மட்டும்.

இலையுதிர் காலத்தில் நடந்துகொண்டே வீச செயற்கை இரை நல்லது. வெள்ளை பக்டெயில் (ஈயத் தலையில் மான்வால் முடி கட்டிய முள்) ஒரு அவுன்ஸ், ஐந்து இன்ச் ரப்பர் மீன், சாண்ட் ஈல் வடிவ உலோகம், இந்த மூன்றும் பையில் இருந்தால் போதும்.

கரையைப் படிப்பது

மணல் கரை எல்லா இடமும் ஒன்று போலத் தெரியும். முதல் தடவை கம்பில்லாமல், தண்ணீர் முழுக்க வற்றிய நேரத்தில் போய்ப் பாருங்கள். வெளியே ஒரு மணல்திட்டு, அதற்கும் கரைக்கும் நடுவே நீளப் பள்ளம், திட்டில் ஆங்காங்கே உடைப்பு. அந்த உடைப்புதான் வாசல். இரை மீன் அதன் வழியாகத்தான் வெளியேறும், ஸ்ட்ரைப்பர் வாசலில் காத்து நிற்கும். தண்ணீர் ஏறிய பிறகும் இதைக் கண்டுபிடிக்கலாம்: திட்டின் மேல் அலை வெள்ளையாக உடையும், உடைப்பு இருக்கும் இடத்தில் உடையாமல் கருமையாக உள்ளே வரும். அந்தக் கருமையின் ஓரத்தில் போடுங்கள், வலிமையைக் காட்டி நூறு கஜம் வீச வேண்டாம். பல மீன்கள் என் காலிலிருந்து இருபது அடிக்குள் எடுத்திருக்கின்றன.

தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் முக்கியம். கடல் ஏற ஆறு மணி நேரம், வற்ற ஆறு மணி நேரம், ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். முழுக்க ஏறியோ முழுக்க வற்றியோ தண்ணீர் அசையாமல் நிற்கும் நேரம் காபி குடிக்கத்தான். வற்றத் தொடங்கி முதல் இரண்டு மணி நேரமும் விடியலோ அந்தியோ ஒன்றாக வரும் நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். கோடையில் காவலர் இருக்கும் குளியல் கரைகளில் பகலில் தூண்டில் போட விடமாட்டார்கள்.

மீன் எடுக்கும்போது

வட்ட முள்ளில் ஒரே விதிதான்: வெட்டி இழுக்காதீர்கள். நம் கை பழக்கத்தில் கம்பு ஆடியதும் சுண்டி இழுக்கும். இழுத்தால் முள் வாயிலிருந்து வழுக்கி வந்துவிடும். என்னுடைய முதல் ஏப்ரலில் யூனியன் பீச்சில் இப்படித்தான் ஒரே மாலையில் நான்கு மீன்களை விட்டேன். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் வந்து, ஒன்றும் சொல்லாமல் என் கம்பைத் தாங்கியிலேயே வைத்துவிட்டு, என் இரண்டு கையையும் ஜாக்கெட் பைக்குள் விடச் சொன்னார். ஐந்தாவது மீன் வந்தது. நுனி இரண்டு முறை தட்டியது, நின்றது, அப்புறம் கம்பு மெல்ல வளைந்து, வளைந்து, தாங்கியே சாய்கிற அளவுக்கு வளைந்தது. இப்போது எடு என்றார். முள் கடைவாயில் சரியாக மாட்டியிருந்தது. மீன் இரையோடு திரும்பிப் போகும்போது முள் தானே சுழன்று ஓரத்தில் பதியும், அதற்கு நாம் கொடுக்க வேண்டியது நேரம் மட்டும். இன்னொன்று, ரீலின் டிராகை, அதாவது நரம்பு ஓடாமல் இறுக்கிப் பிடிக்கும் அமைப்பை, கொஞ்சம் தளர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் கம்பு கடலுக்குள் போய்விடும்.

கரைக்கு வரும் மீனை அலையோடு சேர்த்து இழுங்கள், அலை திரும்பும்போது மல்லுக்கட்டாதீர்கள். பல் பயம் இல்லை, வாய் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, கட்டைவிரலால் கீழ்த்தாடையைப் பிடிக்கலாம். முதுகுத் துடுப்பின் முட்களும் செவுள் மூடியின் விளிம்பும்தான் வெட்டும். விடப்போகும் மீனைக் காய்ந்த மணலில் புரட்டாதீர்கள், கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், பெரிய மீனைத் தாடையில் மட்டும் பிடித்துத் தொங்கவிடாதீர்கள், வயிற்றுக்குக் கீழே இன்னொரு கை கொடுங்கள். தண்ணீரில் தலை கடலைப் பார்க்க வைத்துப் பிடித்திருந்தால் ஒரு நிமிடத்தில் வாலால் உதைத்துக்கொண்டு தானே கிளம்பும். விடப்படும் மீன்களில் நூற்றுக்கு 9 செத்துப்போவதாகத்தான் மீன்வள ஆணையம் கணக்கு வைத்திருக்கிறது, அந்த எண்ணைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுபோனால்

அளவுக்குள் வந்த மீன் ஏறக்குறைய 10 பவுண்டு இருக்கும். செவுளை உடனே வெட்டி ரத்தத்தை வடியவிட்டு ஐஸில் வையுங்கள். சதை வெள்ளை, கெட்டி, உடையாது. நமக்குத் தலைக்கறியும் சினையும் பிடிக்கும் என்று தெரியும், ஆனால் இந்த மீனில் அதைத் தவிர்த்துவிடுங்கள். ஹட்சன் ஆற்றின் மேற்பகுதியில் 1947 முதல் 1977 வரை தொழிற்சாலைக் கழிவோடு கலந்த பிசிபி என்ற ரசாயனம் இன்னும் அடிச்சேற்றில் இருக்கிறது, இந்த மீனின் கொழுப்பில் சேர்கிறது, சமைத்தாலும் அழியாது. தோலை உரித்து, பக்கவாட்டில் ஓடும் கருஞ்சிவப்புச் சதையையும் வயிற்றுக் கொழுப்பையும் சீவி எறிந்துவிட்டு, வெள்ளைச் சதையை மட்டும் எடுங்கள். குழம்பு வைத்தால் கொழுப்பு குழம்பிலேயே தங்கும், அதனால் எங்கள் வீட்டில் மிளகும் மஞ்சளும் தடவிக் கம்பி அடுப்பில் சுடுகிறோம், கொழுப்பு கீழே வடிந்துவிடும். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டாம். மற்றவர்கள் எத்தனை நாளுக்கு ஒருமுறை சாப்பிடலாம் என்று மாநிலம் இடவாரியாக அட்டவணை போட்டிருக்கிறது, அதன்படி நடங்கள்.

கடைசியாக, காரில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கிளம்பும் முன் தேதி, இடம், தண்ணீர்ச் சூடு, காற்று, ஏற்றமா வற்றமா, என்ன இரை, என்ன நடந்தது என்று எழுதுங்கள். என் நோட்டில் அந்த முதல் மீனின் வரி இது: ஏப்ரல் 19, யூனியன் பீச், தண்ணீர் 52, தென்மேற்குக் காற்று, வற்றத் தொடங்கி ஒரு மணி நேரம், ரத்தப்புழு, 24 இன்ச், விட்டேன். அதே தேதியை ஒட்டி அதே இடத்துக்கு ஒவ்வொரு வருடமும் போகிறேன்.